ப்ராசஸருக்கு ஏர் கூலர்: டப்பாவில் இருக்கும் வாட்டை நம்பாதீர்கள்

இன்டெல் ஐ5-12400 டப்பாவில் 65 வாட். டர்போவில், அதாவது வேலை கூடும்போது தானாக வேகமெடுத்து, ஓடும்போது அதே ப்ராசஸர் 117 வாட் வரை போகும். ஐ7-13700கே-க்கு 125 என்று போட்டிருப்பார்கள், உச்சம் 253. ஏஎம்டியும் அப்படித்தான்: ரைசன் 5 7600-க்கு 65, இழுப்பது 88 வரை, ரைசன் 9 7950எக்ஸுக்கு 170, இழுப்பது 230 வரை. கூலர் வாங்க இந்தப் பெரிய எண்தான் கணக்கு.

88, 117 வாட்டுக்கெல்லாம் நான்கு ஹீட் பைப் (சூட்டை மேலே கொண்டுபோகும் குழாய்), ஒரு 120 மி.மீ. ஃபேன் உள்ள ஒற்றை டவர் (ஒரே தகடு அடுக்கு கொண்ட கூலர்) தாராளம். அதற்கு மேல் செலவழிப்பது வீண். 140-ஐத் தாண்டினால் ஆறு பைப் இரட்டை டவருக்குப் போய்விடுங்கள். 253 வாட்டை மணிக்கணக்கில் இழுக்கும் ரெண்டரிங் வேலை என்றால் எந்த ஏர் கூலரும் திணறும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) பவர் லிமிட்டை 180 வாக்கில் வைத்தால் வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாக இறங்கும்.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எந்த ஏர் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோகாது. 24 டிகிரி அறையில் 75 காட்டிய கூலர், ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் 87-ஐத் தொடும். கூலர் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள் முழு லோடில் 95 வரை ஏறும்படியே வடிவமைக்கப்பட்டவை.

அடுத்தது கூலரின் உயரம். நோக்டுவா என்ஹெச்-டி15-க்கு 165 மி.மீ., தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ-க்கு 155. கேபினெட்டில் 160 மி.மீ. வரைதான் இடம் என்றால் முதலாவது உள்ளே போகாது, பக்கக் கண்ணாடி மூடாது. ரேமையும் பாருங்கள். விளக்கு வைத்த உயரமான ரேம் முன் ஃபேனில் இடிக்கும். ஃபேனை மேலே ஏற்றி மாட்டலாம், ஆனால் அது டவரின் உச்சியைத் தாண்டினால் மொத்த உயரமும் கூடிவிடும்.

பழைய கூலரை மாற்றிப் போடுபவர்கள் கவனிக்க: இன்டெல் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டுகளில், பழைய எல்ஜிஏ1200-ல் கூலர் மாட்டும் ஓட்டைகளின் இடைவெளி 75 மி.மீ., எல்ஜிஏ1700-ல் 78. தனி கிட் வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில், மதர்போர்டுக்குப் பின்னால் உள்ள பின்தட்டைக் கழற்ற முடியாது. சொந்தப் பின்தட்டோடு வரும் பழைய கூலர்கள் அதில் உட்காராது.

மாட்டும்போது அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கரை உரித்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். நீளமான எல்ஜிஏ1700-க்கு ஒரு சின்னக் கோடு. ஒரு ஸ்க்ரூவை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் கூலர் சாய்ந்து பேஸ்ட் ஒரு பக்கம் ஒதுங்கும், சில கோர்கள் மட்டும் கொதிக்கும். இரண்டிரண்டு சுற்றாக மாற்றி மாற்றி, நான்கு ஸ்க்ரூ என்றால் எதிரெதிராக, இறுக்குங்கள். ஃபேனின் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்; அது கேபினெட்டின் பின்புறம் பார்க்க வேண்டும்.

ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் கூலரைக் கழற்றுவதுதான் ஆபத்தான வேலை. பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரை நேராக இழுக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, அதன் அடியில் உள்ள பின்கள் வளையும். பத்து நிமிடம் கம்ப்யூட்டரை லோடில் ஓட்டி, அணைத்து, ஒயரை உருவிவிட்டு, ஸ்க்ரூவைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்டது கையில் தெரிந்த பிறகே தூக்குங்கள்.