பேழையும் கழுதைப்புலியும்

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறு பள்ளியில், ஜலப்பிரளயத்திலிருந்து விலங்குகளைப் பேழையில் ஏற்றிக் காத்த நோவாவின் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அக்கா, டைனோசரை எத்தனாவது தட்டுல ஏத்துனாங்க?" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

டைனோசர்களில் முதன்முதலில் அறிவியல் பெயர் பெற்றது மெகலோசாரஸ். 1824இல் அந்தப் பெயரை வெளியிட்டவர் வில்லியம் பக்லாண்ட், ஆக்ஸ்போர்டில் நிலவியல் கற்பித்தவர். அவர் ஒரு பாதிரியார்! படித்ததும் மனசு லேசானது.

ஜூன் 18, புதன்

இரவு வெகுநேரம் கிர்க்டேல் குகையிலேயே கிடந்தேன். 1821இல் யார்க்‌ஷயரில் கல் உடைத்தவர்கள் கண்ட குகை. உள்ளே யானை, காண்டாமிருகம், நீர்யானை எலும்புகள். ஜலப்பிரளயம் அடித்துக்கொண்டு வந்தவை என்று சொல்லிவிடுவது எளிது. பக்லாண்ட் அப்படிச் சொல்லவில்லை. அவ்வளவு சின்ன வாசல் வழியே யானை எப்படி நுழையும்? எலும்புகளெல்லாம் கடிபட்டிருந்தன, கழுதைப்புலியின் எலும்புகளும் சாணமும் கூடவே கிடந்தன. உயிருள்ள கழுதைப்புலி ஒன்றுக்கு மாட்டெலும்பைப் போட்டுப் பார்த்தார். அதே பல் தடம்! ஆக, கழுதைப்புலிகள் அங்கேயே குடியிருந்து, இரையைத் துண்டு துண்டாக இழுத்து வந்திருக்கின்றன. எலும்புகளை மூடியிருந்த சேறு மட்டும் பிரளயத்தினுடையது என்று 1823இல் புத்தகமே எழுதினார்.

ஜூன் 20, வெள்ளி

அந்தச் சேறு பிரளயத்தினுடையது என்ற கருத்தையும் பக்லாண்ட் பிறகு விட்டுக்கொடுத்தார். அதுதான் என்னைத் தொட்டது. அவருக்கு முன்பே 1831இல், கேம்பிரிட்ஜின் ஆடம் செட்ஜ்விக், அவரும் குருவானவர்தான், தன் பிரளயக் கருத்தை நிலவியல் சங்கத் தலைவராக நின்று பகிரங்கமாகத் திரும்பப் பெற்றிருந்தார். பக்லாண்ட் 1836இல் எழுதிய நூலில், வேதாகமத்தின் முதல் வசனத்தில் வரும் 'ஆதியிலே' என்ற சொல்லுக்குள் கணக்கிட முடியாத காலம் அடங்கும் என்றார். எனக்கு இந்த விளக்கம் முழுக்க ஒப்பவில்லை. வசனத்துக்குள் காலத்தைச் செருகுவதுபோல இருக்கிறது. ஆனாலும் தேவன் படைத்த பாறை பொய் சொல்லாது என்று நம்பினாரே, அந்த நம்பிக்கை எனக்கும் வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

பையனிடம் சொன்னேன்: டைனோசர் எந்தத் தட்டிலும் ஏறவில்லை, மனிதர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவை முடிந்துபோயின. அப்புறம் கழுதைப்புலிக் கதை. வாயைப் பிளந்து கேட்டான்.

"தான் எழுதுனது தப்புன்னு தெரிஞ்ச பிறகும் அவர் கோயிலுக்குப் போனாரா அக்கா?"

"போனார். 1845இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்கே தலைமைக் குருவானார்" என்றேன்.