பாத நீளமும் உயரமும்

மகளுக்குப் பள்ளியில் இரண்டு மாறிகளுக்கு இடையே உள்ள தொடர்பை ஆராயச் சொல்லியிருக்கிறார்கள். செல்போன் பார்க்கும் நேரமும் மதிப்பெண்ணும் என்றுதான் முதலில் ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்றேன், ஏனென்றால் எத்தனை மணி நேரம் என்று கேட்டால் பிள்ளைகள் குறைத்துத்தான் சொல்வார்கள், சரிபார்க்க வழியில்லை. டேப்பால் அளக்க முடிகிற ஒன்றை எடு என்றேன். பாத நீளமும் உயரமும் என்று முடிவானது.

சரி, யாரை அளப்பது? கூடைப்பந்து ஆடும் தோழிகளை மட்டும் அளந்தால் எல்லோருமே உயரம், எண்கள் ஒரு சின்ன இடத்துக்குள் அடைந்துவிடும், இருக்கிற தொடர்பும் மங்கலாகத்தான் தெரியும். அதனால் வருகைப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் 30 பேர். செருப்பில்லாமல், குதிகால் சுவரை ஒட்டி, ஒவ்வொருவரையும் இரண்டு முறை.

பையன்களையும் பெண்களையும் கலந்தால் தொடர்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றலாம். 1886இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன், ஆண், பெண் உயர வேறுபாட்டைச் சரிக்கட்டத்தான் பெண்களின் உயரத்தை 1.08 ஆல் பெருக்கினார். எவ்வளவு எளிய யோசனை! நாங்கள் வரைபடத்தில் இரண்டு நிறப் புள்ளிகள் வைக்கிறோம்.

அப்புறம், ஒட்டுறவுக் கெழுவை, அதாவது இரண்டு அளவுகளும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண்ணைக் கணக்கிடும் முன் வரைபடம் போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். 1973இல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம்ப் காட்டிய நான்கு தரவுத் தொகுப்புகளிலும் கெழு ஏறக்குறைய 0.82தான், ஆனால் ஒன்று நேர்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டில் ஒற்றைப் புள்ளி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு நிற்கும்.

திங்கட்கிழமை அளக்கத் தொடங்குகிறாள்.