சாதாரண வருஷத்துப் படி

வேண்டிக்கொண்டது அம்மா. மூன்று வயது முடிந்தும் என் மகனுக்குப் பேச்சு வரவில்லை. பேரன் வாய் திறந்து பேசட்டும், சுவாமிமலையில் அறுபது படியும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். பேச்சு வந்தது. வந்தது இன்றுவரை நிற்கவில்லை, அது வேறு கதை. இதோ அதோ என்று தள்ளிப் போட்டு, முடிச்சை அவிழ்க்காமலே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். முடிச்சு என் பீரோவுக்கு வந்தது.

என் முட்டி இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் முன்னாடியே போயிருப்பேன். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கால் மடங்காது. வலது முட்டி வீங்கிச் சூடாக இருக்கும். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "தேய்மானம் கொஞ்சம் இருக்கு. ஆனா காலைல இவ்வளவு நேரம் இறுக்கம்னா வெறும் தேய்மானம்னு சொல்ல முடியாது. வாதமான்னு பார்க்கணும்" என்றார். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., இ.எஸ்.ஆர்., யூரிக் ஆசிட் என்று குழாய் குழாயாக ரத்தம் எடுத்தார்கள். முடக்குவாதத்துக்குப் பார்க்கிற அந்த ஆர்.ஏ. ஃபேக்டரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாதாம். நோய் இருப்பவருக்கும் இல்லை என்று காட்டுமாம், இல்லாதவருக்கும் இருக்கிறது என்று காட்டுமாம். எல்லாம் வரட்டும் என்றார். அதுவரை வாதமா, தேய்மானமா? யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றுகூடத் தெரியவில்லை. முட்டி வலி என்றால் போதும், ஆளுக்கொரு எண்ணெய் சொல்கிறார்கள்.

ரிசல்ட் வந்தபின் படியே ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் கிளம்பினேன். நாள் பார்க்கவில்லை. போய் இறங்கினால் கிருத்திகை! தெருவெல்லாம் தலை. என் கைத்தடியைப் பார்த்ததும் ஒருவர் ஒட்டிக்கொண்டார். "அம்மா, கால் முடியாதவங்க, வரிசையில நிக்க வேணாம், நேரா சாமிகிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று கூடவே வந்தார். மகன் அவரிடம் பேச்சுக் கொடுத்தான். பேசிப் பேசி அந்த மனிதரே அலுத்துப் போய்விட்டார். அம்மாவின் வேண்டுதல் பலித்ததற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கீழே மீனாட்சி சுந்தரேசுவரரைக் கும்பிட்டுவிட்டுப் படிக்கு வந்தோம். அப்பா சீடனாகக் கீழே, பிள்ளை குருவாக மேலே.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், தடி வலிக்கு எதிர்ப்பக்கக் கையில். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது. இடது காலை வைத்து, வலது காலைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, அங்கே அறுபது படிக்கும் அறுபது தமிழ் வருஷப் பெயர், படிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே ஏறினேன். பிரபவ, விபவ, சுக்கில. சின்ன வயதில் அம்மா மனப்பாடம் செய்ய வைத்தது. இருபது வரை சரி. முப்பதுக்கு மேல் பெயர் பல்லுக்கு நடுவில் வந்தது. பின்னால் இருப்பவர்கள் நெருக்குகிறார்கள், முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே முழங்கையால் இடிக்கிறார்கள். ஈரக் கல்லில் தடியின் ரப்பர் வழுக்கி, மகன் தோளைப் பிடித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்து நாலாவது படி. சாதாரண. நான் பிறந்த வருஷம். 1970.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இன்னும் பதினாறு படி இருக்கிறது, முட்டியில் யாரோ ஆணி அடிக்கிறார்கள். "பாட்டி என் கையப் பிடிச்சுட்டுத்தானே ஏறுறதா வேண்டிக்கிட்டாங்க? பிடி" என்று கையை நீட்டினான் பையன். அதற்குமேல் அவன் ஒன்றும் பேசவில்லை. கடைசிப் படி அட்சய வரை எப்படி ஏறினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். கண் கொடுத்த பிள்ளையாரைக் கும்பிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சந்நிதியில் மயிலுக்குப் பதில் யானை. அதைத் தாண்டி நிமிர்ந்து பார்க்கிறேன், விபூதி அபிஷேகம் முடிந்து வெள்ளை வெளேரென்று நிற்கிறான். கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையில் நின்றபடி மனதில் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. என் கண் போனது அவன் கைக்கு. வலக்கையில் தண்டம். என் இடக்கையில் தடி. கண்ணாடிக்கு முன்னால் நிற்பது மாதிரி இருந்தது. அப்பனுக்கே பொருள் சொன்னவனிடம் போய் இது வாதமா தேய்மானமா என்று நான் என்னத்தைக் கேட்க? "நீயும் ஊன்றிக்கிட்டுத்தான் நிக்கிறியாப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "நகருங்கம்மா" என்று யாரோ தள்ளினார்கள். நகர்ந்தேன். முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போட்டேன். விபூதியில் பாதி நெற்றிக்கு, பாதி முட்டிக்கு. வலி போனதா என்றால் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிமிஷம் நின்றேனே, இரண்டு காலிலும் நின்றேனே, முருகா, எனக்கு வேறென்ன வேண்டும்! அம்மா பட்ட கடனை என் காலால் அடைக்க வைத்தாயே, அதுவும் இந்தக் காலால்!

இறங்கும்போது வலது கால் முதலில். பையன் பெயர்களைத் தலைகீழாகச் சொல்லிப் பார்த்தான். அட்சய, குரோதன, அப்புறம் தடுமாறினான். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பதினேழாவது படியில் நிறுத்தி, "இது நீ பிறந்தது, சுபானு" என்றேன். குனிந்து அந்தப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மீதிப் பதினாறு படிக்கும் அவன் பேச்சு ஓயவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

ரிப்போர்ட் எல்லாம் கைக்கு வருவது செவ்வாய்க்கிழமை. நாள் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறான் பாருங்கள்.