திருக்கடையூர் வீடியோவை டிவிடி ஆக்கிய அனுபவம்

கணினியிலுள்ள வீடியோவை வட்டில் அப்படியே எழுதிவிட்டால் டிவிடி பிளேயரில் ஓடிவிடும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். எம்பி4 கோப்புகளை டேட்டா டிஸ்க்காக எழுதினால் கணினி திறக்கும். மும்பை மாட்டுங்காவில் பெரியம்மா வீட்டில் இருப்பதைப் போன்ற பழைய பிளேயர் திறக்காது. டிவிடி வீடியோவுக்கு என்று தனி வரையறை உண்டு. படம் எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்க முறையில் இருக்க வேண்டும். டிவி ஒளிபரப்பு முறைகளில் பால் (PAL) என்றால் 720×576 அளவில் விநாடிக்கு 25 ஃபிரேம்கள், என்டிஎஸ்சி (NTSC) என்றால் 720×480 அளவில் 29.97 ஃபிரேம்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். இவை ஐஎஃப்ஓ (தகவல்), பியுபி (அதன் நகல்), விஓபி (படமும் ஒலியும்) கோப்புகளாகப் பிரிந்து, ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டருக்குள் அமைய வேண்டும்.

என்னிடம் இருந்தவை பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் எடுத்த பதிவுகள். புகைப்படக்காரர் கேமராவில் எடுத்தது பாதி, தம்பி கைப்பேசியில் எடுத்தது பாதி. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். 4.7 ஜிபி வட்டில் இரண்டு மணி நேரத்தை அடக்கினால் படத்தின் ஒவ்வொரு விநாடிக்கும் சராசரியாக 5 மெகாபிட் இடம் கிடைக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் மூன்றரைக்கும் கீழே போய்விடும். மேடையில் அசையாமல் அமர்ந்திருப்பவர்களுக்கு அது போதும் என்றாலும், ஹோமப் புகையும் அட்சதை தூவும் காட்சியும் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எனவே இரண்டு வட்டுகளாகப் பிரித்தேன்: 25 ஃபிரேமில் எடுத்த கேமராப் பதிவு பால் முறையில், ஏறக்குறைய 30 ஃபிரேமில் இருந்த கைப்பேசிப் பதிவு என்டிஎஸ்சியில். கைப்பேசிப் பதிவைப் பால் முறைக்கு மாற்றினால் ஃபிரேம்கள் விடுபட்டு, கேமரா திரும்பும் இடமெல்லாம் படம் துள்ளும். பெரியம்மாவின் பிளேயர் இரண்டையும் ஏற்கும் என்பதை அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டிலேயே பார்த்துக்கொண்டேன்.

அதிக நேரத்தை விழுங்கியது ஒலிதான். கைப்பேசி ஒரே சீரான ஃபிரேம் வேகத்தில் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்தக் கோப்பை டிவிடி உருவாக்கும் மென்பொருளான டிவிடிஸ்டைலரில் நேரடியாகப் போட்டு மாற்றியபோது தொடக்கத்தில் சரியாக இருந்த ஒலி போகப் போக விலகி, தாலி முடிச்சுப் போடுவதற்கு முன்பே கெட்டிமேளம் முழங்கி அடங்கிவிட்டது. முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றி, அந்தக் கோப்பை டிவிடிஸ்டைலருக்குக் கொடுத்த பிறகே மேளமும் முடிச்சும் ஒன்றுசேர்ந்தன. ஹேண்ட்பிரேக்கிலேயே டிவிடி தயாரித்துவிடலாம் என்று சிலர் சொல்வது சரியல்ல. அது டிவிடியிலிருந்து எடுக்கும், டிவிடியை உருவாக்காது.

மெனுவுக்கான தமிழ் எழுத்துகளைப் படமாகச் செய்து பின்னணியில் வைத்தேன். டிவி திரை ஓரங்களைச் சற்று விழுங்கும் என்பதால் எழுத்துகளை நன்றாக உள்ளே தள்ளி வைப்பது நல்லது. வட்டில் எழுதுவதற்கு முன் முழு வட்டின் பிரதியான ஐஎஸ்ஓ கோப்பாக வெளியே எடுத்து, கணினியில் விஎல்சி பிளேயரில் மெனு முதல் கடைசிக் காட்சி வரை ஓட்டிப் பார்த்தேன்.

இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் டிவிடி டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பியில் இணைக்கும் ரைட்டரையும் வெற்று வட்டுகளையும் மும்பையின் மின்னணுக் கடைத்தெருவான லேமிங்டன் சாலையில் வாங்கினேன். வட்டுகளை மட்டும் கடைக்காரர் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். பழைய பிளேயர்களுடன் பொதுவாக ஒத்துப்போவதால் டிவிடி-ஆர் வகையையே கேட்டு வாங்கினேன். வட்டில் எழுதும் மென்பொருளான இம்க்பர்னில் வேகத்தைக் குறைத்து எழுதி, முடிந்ததும் சரிபார்க்கும் வசதியையும் இயக்கினேன். வட்டின் மேல் காகித லேபிள் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும். மார்க்கர் பேனா போதும்.

மாட்டுங்காவில் வட்டு உடனே ஓடியது. ஆனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு, எல்லோரும் பருத்துத் தெரிந்தார்கள். “நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?” என்றார் பெரியம்மா. வட்டில் குறையில்லை. அகலத்திரை டிவி வாங்கிய பிறகும் பிளேயரின் செட்டப் மெனுவில் திரை வடிவம் 4:3 என்றே இருந்தது. அதை 16:9 ஆக மாற்றியதும் படம் சரியானது.