குடல் ஓட்டை: சர்ஜரிக்கு முந்தைய மணி நேரங்கள்

அல்சர் வெடித்து டியோடினத்தில் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) ஓட்டை விழுந்தவர், வலி எப்போது தொடங்கியது என்பதைப் பெரும்பாலும் துல்லியமாகச் சொல்லிவிடுவார். அந்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுத வேண்டும். "இரண்டு நாளாக வயிற்று வலி" என்று எழுதினால் எந்தக் கணக்கும் போட முடியாது. அட்மிஷன் நேரத்தை வைத்து எண்ணுவது அதைவிட மோசம்.

முதல் சில மணி நேரம் வயிற்றுக்குள் கசிவது அமிலமும் பித்தநீரும்தான், கிருமிகள் குறைவு. வயிறு பலகையாக விறைத்திருக்கும். பிறகு பெரிட்டோனியம் (வயிற்றறையின் உட்சவ்வு) சுரக்கும் நீரில் அமிலம் நீர்த்துப்போக, வலி சற்றுத் தணியும். ஏமாற்றுவது இந்தக் கட்டம்தான். கேஸ் ட்ரபிள் என்று சோடா குடித்தவர், டைக்ளோஃபினாக் வலி ஊசி போட்டுக்கொண்டவர் எல்லாம் "இப்போ தேவலாம்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். நாடித்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேல் சீழ் பிடித்து, வயிறு உப்பி, சிறுநீர் குறையும். முதியவர்களிடமும் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடமும் அந்த விறைப்புகூடத் தெரியாமல் போகலாம்.

டென்மார்க்கில் 2003 முதல் 2009 வரை அல்சர் ஓட்டைக்கு ஆபரேஷன் செய்யப்பட்ட 2,668 பேரின் பதிவுகளை அலசினார்கள். அட்மிஷனுக்குப் பின் தள்ளிப்போன ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 2.4 சதவீதம் குறைந்தது. ஜப்பானில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, ஓட்டையோடு செப்டிக் ஷாக்கும் (கிருமித் தொற்றால் பிரஷர் சரியும் நிலை) சேர்ந்த 154 பேரைப் பார்த்தது. ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஒரே மருத்துவமனையின் கணக்கு அது, அதை அப்படியே விதியாக்க முடியாது. ஆனாலும் "பிரஷர் ஏறட்டும், காலையில் பார்க்கலாம்" என்ற வாதம் அதன்பின் நிற்காது. உள்ளே கசிந்துகொண்டே இருக்கும்போது பிரஷர் எதனால் ஏறும்?

அதற்காக வந்தவுடன் டேபிளில் ஏற்றுவதும் சரியல்ல. நீர்ச்சத்து வற்றிய உடம்புக்கு மயக்க மருந்து கொடுத்தால் பிரஷர் அப்படியே சரியும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நடத்துவதுதான் வழி: நரம்பில் இரண்டு பெரிய கேனுலா, ரிங்கர் லாக்டேட் டிரிப், மூக்கு வழியாக வயிற்றுக்குள் ரைல்ஸ் டியூப், சிறுநீர் டியூப், லாக்டேட்டும் (ஷாக்கின் அளவு) கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலை) பார்க்க ரத்தம், ரத்த வகை. ஷாக் இருந்தால் முதல் மூன்று மணி நேரத்தில் எடைக்குத் தக்கபடி கிலோவுக்கு 30 மில்லி திரவம். 60 கிலோ ஆளுக்கு 1,800 மில்லி. சராசரி ரத்த அழுத்தம் 65-ஐத் தொடாவிட்டால் பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின். சிறுநீர் மணிக்கு கிலோவுக்கு அரை மில்லி வர வேண்டும். ஆன்டிபயாட்டிக் முதல் மணி நேரத்துக்குள். தியேட்டருக்குப் போகும்வரை வைத்திருக்கக் கூடாது. அனஸ்தீசியா டாக்டருக்குப் போன் போடுவதும் அதே மணி நேரத்தில்தான்.

நேரம் தொலையும் இன்னோர் இடம் எக்ஸ்ரே. நிமிர்ந்து எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிவது ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத்தான். படுக்கவைத்து எடுத்தால் அதுவும் தெரியாது. பத்து நிமிடமாவது உட்காரவைத்த பிறகு எடுக்க வேண்டும். காற்று இல்லை என்பதற்காக ஓட்டை இல்லை என்று ஆகாது, சந்தேகம் இருந்தால் சி.டி. ஆனால் வயிறு விறைத்து, எக்ஸ்ரேயில் காற்றும் தெரிந்துவிட்டால் சி.டி. வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை.

தாமதத்தின் விலை தையலில் தெரியும். நேரமாக ஆக ஓட்டையின் விளிம்பு வீங்கி, நூல் இழுத்தால் அறுத்துக்கொண்டு வரும். அதனால்தான் விளிம்புகளை இழுத்து மூடாமல், மூன்று தையல் போட்டு நடுவே ஒமென்ட்டத்தை (குடலின் மேல் தொங்கும் கொழுப்புச் சவ்வு) வைத்து, அதன் ரத்த ஓட்டம் நிற்காத அளவுக்கு மெல்ல முடிச்சிடுகிறோம். இறுக்கினால் ஒமென்ட்டம் அழுகி மறுபடி கசியும். பிறகு வெதுவெதுப்பான சலைன் லிட்டர் கணக்கில் ஊற்றி, தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும்.

அல்சர் மட்டுமல்ல, டைபாய்டிலும் ஓட்டை விழும்; அது பெரும்பாலும் இலியத்தின் (சிறுகுடலின் இறுதிப் பாகம்) கடைசிப் பகுதியில், காய்ச்சலின் மூன்றாம் வாரத்தையொட்டி. ஏற்கெனவே துவண்டு கிடக்கும் நோயாளி என்பதால் ஓட்டை விழுந்த நேரமே தெரியாது. சீக்கிரம் வந்தவருக்கு ஓட்டையைத் தைத்துவிடலாம். தாமதமாக, மலம் கலந்த சீழோடும் ஷாக்கோடும் வந்தவருக்குத் தையல் பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். குடலை ஸ்டோமாவாக (வயிற்றுத் தோலில் திறக்கும் வாயாக) வெளியே கொண்டுவந்து, மூடுவதைப் பிறகு வைத்துக்கொள்வது மேல்.