பச்சரிசிக்குத் தடை, புழுங்கலுக்கு வரி: இந்திய அரிசியைச் சிங்கப்பூரில் இறக்கிய அனுபவம்

சிங்கப்பூரில் அரிசிக்குச் சுங்கவரி கிடையாது. மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் ஆகிய நான்குக்குத்தான் இங்கே வரி. மற்றவை பொருள் சேவை வரியைக் கட்டிவிட்டால் உள்ளே வந்துவிடும். இதைப் பார்த்துத்தான் புதிதாக இறக்குமதியில் இறங்குகிறவர்கள் இந்தப் பக்கத்துத் தாள்களை மட்டும் சரிசெய்துகொண்டு மில்லுக்கு முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். சுவர் இருப்பது அந்தக் கரையில். விற்கிற நாடே கதவைச் சாத்தினால், வாங்குகிற நாட்டின் சுங்கவரி பூஜ்யமாக இருந்து என்ன பயன்?

2022இல் சிங்கப்பூர் இறக்குமதி செய்த அரிசியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. பாஸ்மதி அல்லாத இந்திய அரிசி மட்டும் 17 விழுக்காடு. 2023 ஜூலை 20 இரவு, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி, அதாவது பச்சரிசி, ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. ஆகஸ்ட் 25 முதல் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. பாஸ்மதிக்கு டன்னுக்கு 1,200 அமெரிக்க டாலர் என்று குறைந்தபட்ச விலை, அக்டோபரில் அது 950 ஆனது. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பர் 28 வரை நீடித்தது. அந்தப் பதினான்கு மாதமும் கொள்கலன்களை ஏற்றியும் இறக்கியும் கற்றுக்கொண்டவை கீழே.

முதலில் குறியீடு, அதாவது சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண். அறிவிப்பில் பொன்னி, சோனா மசூரி என்று பெயரெல்லாம் வராது, எண்தான் வரும். தடை விழுந்தது 1006 30 90 என்ற எண்ணின் மேல். புழுங்கல் அரிசி 1006 30 10. ஒரே வயலில் விளைந்த ஒரே பொன்னிதான். அவித்துக் குத்தினால் வரி கட்டிவிட்டுக் கப்பலேறும், அவிக்காமல் குத்தினால் துறைமுகத்திலேயே நிற்கும். சிங்கப்பூரின் தேக்கா கடைகளில் புழுங்கல் பொன்னியும் இட்லி அரிசியும் விலை ஏறியும் கிடைத்துக்கொண்டே இருந்ததற்கும், 2024 பொங்கலுக்குப் பச்சரிசி தேடவேண்டி வந்ததற்கும் இதுதான் காரணம்.

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்கினார்கள். ‘ஸ்டீம்’ என்று விற்கிற சோனா மசூரியைப் புழுங்கல் என்று நினைத்து ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள். புழுங்கலுக்கு நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைக்கவேண்டும். ஸ்டீம் அரிசிக்கு ஊறவைப்பது இல்லை, வெறும் ஆவி காட்டுவதோடு சரி. சுங்கத்தின் கண்ணில் அது வெள்ளை அரிசிதான். சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை கொள்கலன் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். மில்லிலிருந்து மாதிரி வந்ததும் செய்யவேண்டியது எளிது: ஒரு கைப்பிடி அரிசியைக் கறுப்புத் துணியில் பரப்பி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சரியாக அவிந்த மணி கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, லேசான மஞ்சள் நிறத்தில் இருக்கும். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளை தெரிந்தால் அவியல் உள்ளே போகவில்லை. அப்படிப்பட்ட மணிகள் நிறைய இருந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். சோறு குழைவது ஒரு பக்கம் இருக்கட்டும், துறைமுகத்தில் பதில் சொல்லவேண்டியது பெரிய வேலை.

அடுத்தது நேரம். தடை அறிவித்த அன்றே, ஏற்கெனவே கிளம்பிய சரக்குக்கு விலக்கு உண்டு. ஆனால் ‘கிளம்பிய’ என்றால் என்ன? மில்லிலிருந்து லாரி புறப்பட்டது கணக்கில் இல்லை. கப்பலில் ஏற்றத் தொடங்கியிருக்கவேண்டும். அல்லது ஷிப்பிங் பில் (சுங்கத்திடம் கொடுக்கும் ஏற்றுமதி அறிக்கை) தாக்கலாகி, கப்பல் துறைமுகத்துக்கு வந்து வரிசை எண் வாங்கியிருக்கவேண்டும். அல்லது சரக்கு சுங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டுக் கணினியில் பதிவாகியிருக்கவேண்டும். பிறகு வந்த விளக்க அறிவிப்பு நொடியையே குறிப்பிட்டது: 20 ஜூலை, 21:57:01. அப்போது சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டி 12.27. இங்கே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

புழுங்கலுக்கு வரி போட்டபோது அளவுகோலே மாறிவிட்டது. துறைமுகத்துக்குள் வந்து, சுங்கத்தின் இறுதி ஏற்றுமதி அனுமதி கிடைக்காமல் நின்ற சரக்குக்கு, ஆகஸ்ட் 25க்கு முன் திறந்த செல்லுபடியான எல்சி (வாங்குபவரின் வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) இருந்தால் வரி இல்லை. வங்கிப் பரிமாற்றத்தில் முன்பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு இந்தச் சலுகை எட்டவில்லை. எல்சிக்குக் கமிஷன் கூடுதல் என்று முணுமுணுப்பவர்கள் பலர். ஆனால் அந்தத் தேதியில் அந்தத் தாள் ஒன்றுதான் 20 விழுக்காட்டைத் தடுத்தது.

ஆகவே ஏற்றுமதியாளரிடம் “சரக்கு கிளம்பிடுச்சா?” என்று கேட்காதீர்கள், “கிளம்பிடுச்சு சார்” என்றுதான் பதில் வரும். ஷிப்பிங் பில் எண்ணும் தேதியும், துறைமுக வாயில் நுழைவுச் சீட்டு, சுங்க அனுமதி விழுந்த நேரம் ஆகிய மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர முத்திரை தெளிவாகத் தெரியவேண்டும்.

ஒப்பந்தத்தில் தனியாக எழுதவேண்டிய வாசகம் ஒன்று உண்டு: கையெழுத்துக்குப் பிறகு புதிய ஏற்றுமதி வரி வந்தால் யார் கட்டுவது? எஃப்ஓபி விலையில் (கப்பலில் ஏற்றும்வரை செலவு விற்பவருடையது) வாங்கினால், இன்கோடெர்ம்ஸ் என்ற சர்வதேச வணிக விதிகளின்படி ஏற்றுமதி அனுமதியும் அதற்கான வரியும் விற்பவர் பொறுப்பு. தாளில் அப்படித்தான். நடைமுறையில், டன்னுக்கு 100 டாலர் கூடினால் மில்காரர் சரக்கையே அனுப்பமாட்டார். அவரை வழக்குக்கு இழுக்கிற அளவுக்கு ஒரு கொள்கலன் அரிசியில் காசு இல்லை. பாதிப் பாதி என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டால் சரக்காவது வரும். தடை வந்தால் முன்பணத்தை எத்தனை நாளில் திருப்புவது என்பதையும் எண் போட்டு எழுதுங்கள். ‘விரைவில்’ என்று எழுதினால் அது எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது.

வரியை எதன்மேல் கணக்கிடுவது என்பதும் பிறகு தகராறு ஆனது. டன் 500 டாலர் என்று வையுங்கள். அந்த 500 வரியையும் உள்ளடக்கிய விலை என்று எடுத்துக்கொண்டால் அடிப்படை 416.67, வரி 83.33. எஃப்ஓபி விலையான 500இன் மேலேயே போட்டால் வரி 100. வித்தியாசம் டன்னுக்கு 16.67, 25 டன் கொள்கலனுக்குச் சுமார் 417 டாலர். முதல் முறைப்படி கட்டியவர்களிடம் 2024இல் இந்தியச் சுங்கம் பின்தேதியிட்டு வித்தியாசத்தைக் கேட்டது. உடனே அந்தப் பணத்தைக் கேட்டு, ஏற்றுமதியாளர்களிடமிருந்து இங்கே வாங்கியவர்களுக்கும் கடிதம் வந்தது. விலைப்பட்டியலில் அரிசி விலையையும் வரியையும் தனித்தனியாகக் காட்டி, இதற்குமேல் எதுவும் எங்கள் பொறுப்பல்ல என்று முன்பே எழுதி வாங்கியிருந்தவர்கள் அந்தக் கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

சிங்கப்பூருக்கு 50,000 டன் சிறப்பு ஒதுக்கீடு கிடைத்தது உண்மை. 2023 ஆகஸ்ட் கடைசியில் அறிவித்தார்கள். ஆனால் அது இந்தியாவின் தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் வழியாகத்தான் வரும். பழகிய மில்லிடம் “ஒதுக்கீட்டில் அனுப்புங்கள்” என்று கேட்டுப் பயனில்லை.

இந்தப் பக்கத்து வேலைக்கு வருவோம். அரிசி இங்கே கட்டுப்பாட்டுப் பொருள். எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் உரிமம் இல்லாமல் இறக்கமுடியாது. வெள்ளை, பொன்னி, புழுங்கல், பாஸ்மதி வகைகளுக்கு இருப்புத் திட்டமும் உண்டு. மாதம் இவ்வளவு இறக்குவேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்கிற அளவைப்போல் இருமடங்கு எப்போதும் அரசு குறித்த கிடங்கில் இருக்கவேண்டும். மாதம் 100 டன் என்றால் 200 டன். அரிசி உங்களுடையது, அதில் முடங்குகிற பணமும் உங்களுடையது. நெருக்கடியில் இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு. விற்பனை நன்றாக இருந்த மாதத்தை வைத்து அளவை எழுதிக்கொடுத்துவிட்டுத் திண்டாடாதீர்கள். அந்தக் கரையில் தடை வந்தது என்பதற்காக இந்தக் கரையில் இருப்புக் கணக்கு தானாகக் குறைந்துவிடாது. பழையதை முதலில் எடுத்துப் புதியதை உள்ளே வைக்கும் சுழற்சி நின்றால், வண்டு வரும்.

அனுமதிச்சீட்டு டிரேட்நெட் என்ற சிங்கப்பூரின் மின்னணு வணிக அனுமதித் தளம் வழியாக. குறியீட்டின் முதல் ஆறு இலக்கம், 1006 30, எல்லா நாட்டிலும் ஒன்று. கடைசி இரண்டு இலக்கம் இங்கே ஆசியான் பட்டியல்படி. இந்திய விலைப்பட்டியலில் உள்ள எட்டையும் அப்படியே தட்டினால் பொருந்தாது. 9 விழுக்காடு பொருள் சேவை வரி, சரக்கு விலையோடு காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்த தொகையின்மேல். 20,000 வெள்ளிச் சரக்குக்கு 1,800 வெள்ளி. வரிப் பதிவு உள்ளவர்கள் பிறகு கழித்துக்கொள்ளலாம், ஆனால் கையில் காசு இன்று வேண்டும்.

புழுங்கலுக்கான வரி 2024 அக்டோபர் 22இல் பூஜ்யமானது, தடை நீங்கியபோது வெள்ளை அரிசிக்கு வைத்த 490 டாலர் குறைந்தபட்ச விலை மறுநாள் போனது. அதோடு தாள் வேலை குறைந்துவிடவில்லை. 2025 மே முதல் இந்தியா எட்டிலக்கக் குறியீடுகளை மேலும் பிரித்துவிட்டது. பழைய 1006 30 10 போட்ட முன்மாதிரி ஒப்பந்தங்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர் முதல் பாஸ்மதி அல்லாத அரிசிக்கும் ஏற்றுமதி ஒப்பந்தத்தை அபேடா என்ற இந்திய வேளாண் ஏற்றுமதி அமைப்பில் பதியவேண்டும். முன்பணம் அனுப்புமுன் அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் உள்ள டன் அளவும் பதிவில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.