சின்ன ரத்தக் குழாய்களுக்கு மூலிகை உதவுமா?

ரத்தக் குழாய் என்றாலே இதய அடைப்பைப் பற்றித்தான் பேசுகிறோம், ஆனால் ஒவ்வொரு செல்லுக்கும் ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தந்துகிகள் என்ற மிகச் சின்னக் குழாய்கள்தான். அவற்றின் சுவர் ஒரே ஒரு செல் தடிமன். சிவப்பணுவின் அகலமே 7, 8 மைக்ரோமீட்டர், பல தந்துகிகள் அதைவிடக் குறுகல், அதனால் சிவப்பணு மடங்கி நெளிந்து ஒற்றை வரிசையில்தான் உள்ளே போக முடியும்!

இந்தக் குழாய்களைத் தாங்கிப் பிடிப்பது கொலாஜன் என்ற புரதம். அது உறுதியாக உருவாக வைட்டமின் சி வேண்டும். அது அறவே இல்லாமல் போனால் ஸ்கர்வி வந்து ஈறிலும் தோலிலும் ரத்தம் கசியும். எனவே மூலிகை தேடும் முன் ஆரஞ்சு, கொய்யா, குடைமிளகாய் போதுமான அளவு சாப்பிடுகிறோமா என்று பாருங்கள். எலுமிச்சையிலும் மிளகாயிலும் உள்ள ஃப்ளேவனாய்டுகள் என்ற தாவரப் பொருள்கள் தந்துகிக் கசிவைக் குறைப்பதாக நினைத்து, 1936இல் விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியும் உடன் இருந்தவர்களும் அவற்றுக்கு 'வைட்டமின் பி' (ஆங்கில B இல்லை, P; கசிவுத்தன்மை எனப் பொருள்படும் பெர்மியபிலிட்டியின் முதலெழுத்து) என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் அது வைட்டமின் இல்லை என்று முடிவானது, ஆனால் ருட்டின், டயோஸ்மின், ஹெஸ்பெரிடின் எல்லாம் அந்தக் குடும்பம்தான், இன்றும் மாத்திரையாக விற்கின்றன.

மூலிகைகளில் எனக்கு நம்பிக்கை தருவது இரண்டு. வல்லாரைச் சாறு கால் வீக்கத்திலும் சர்க்கரை நோயாளிகளின் நுண்குழாய்ப் பாதிப்பிலும் ஓரளவு பலன் தந்ததாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை அளவு நிர்ணயித்த சாறு, துவையலுக்கு அரைக்கிற கீரையை வைத்து அதே பலனை எதிர்பார்க்க முடியாது. இரண்டாவது ஹார்ஸ் செஸ்ட்நட் என்ற மரத்தின் விதைச் சாறு. கால் ரத்தம் இதயத்துக்குச் சரியாகத் திரும்பாத நாள்பட்ட சிரைக் கோளாறில் வலியையும் வீக்கத்தையும் கொஞ்ச காலத்துக்குக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பச்சை விதை விஷம், வீட்டில் அரைத்துச் சாப்பிடவே கூடாது.

ஜிங்க்கோ என்ற மரத்தின் இலைச் சாறு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொடாதீர்கள், ரத்தப்போக்கு ஏற்படும் அபாயம் உண்டு. மூலிகைதானே என்று யாரும் அதை டாக்டரிடம் சொல்வதில்லை, அதுதான் எனக்குக் கவலை.

இன்னொன்று, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாமல், புகையும் பிடித்துக்கொண்டு எந்த இலையைத் தின்றாலும் கண்ணும் சிறுநீரகமும் தப்பாது. அடிபடாமலே திடீரென்று உடம்பில் நீலத் திட்டுகளோ சிவப்புப் புள்ளிகளோ வந்தால், முதலில் போய் பிளேட்லெட் எண்ணிக்கை பாருங்கள்.